பாதி சாம்பலாகிப்போன கல்யாணப் படங்கள்

கணினி பழுதுபார்ப்பது என் தொழில். போன மே மாதம், கல்யாண ஆல்பம் டிசைன் செய்யும் தம்பி ஒருவர் தன் சிபியுவைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தார். "கம்ப்யூட்டர் நல்லாத்தான் ஓடுதுண்ணே, படந்தான் சரியா வரல" என்றார். மாட்டித் திறந்து பார்த்தோம். தாலி கட்டும் நேரத்துப் படம். மேல் பாதியில் மாப்பிள்ளை முகம், மாலை எல்லாம் பளிச்சென்று இருந்தன. கீழ்ப் பாதி முழுக்கச் சாம்பல் நிறம். அறுபது படங்களுக்கு மேல் இப்படி.

வைரஸ் என்று நினைத்துத்தான் வந்திருந்தார். பேச்சுக் கொடுத்ததில் விஷயம் தெரிந்தது. மூன்று வாரம் முன்பு, பழைய டூயல் கோர் பிராசஸரைக் கழற்றிவிட்டு, செகண்ட் ஹேண்டில் வாங்கிய இன்டெல் கோர் 2 குவாட் க்யூ6600-ஐப் போட்டிருக்கிறார். அதுவரை சரி. அப்புறம் ஒரு வீடியோவைப் பார்த்து அதை ஓவர்கிளாக்கும் செய்துவிட்டார், அதாவது நிறுவனம் குறித்த வேகத்துக்கு மேல் ஓட வைத்துவிட்டார்.

க்யூ6600 2007-இல் வந்தது. நான்கு கோர். 266 மெகாஹெர்ட்ஸ் பஸ் (பிராசஸருக்கும் போர்டுக்கும் இடையே தகவல் போகும் பாதை) வேகத்தை 9-ஆல் பெருக்கினால் வருவதுதான் அதன் 2.4 கிகாஹெர்ட்ஸ். 9-க்கு மேலே போக முடியாதபடி பூட்டியிருப்பதால், பயாஸில் (கணினி தொடங்கும்போதே ஓடும் அடிப்படை மென்பொருளில்) பஸ்ஸை 333-க்கு ஏற்றுவார்கள். 3 கிகாஹெர்ட்ஸ் கிடைத்துவிடும். இந்த பிராசஸர் பெரும்பாலும் அதைத் தாங்கிவிடும். ஆனால் ரேமின் வேகமும் அதே பஸ்ஸை ஒட்டித்தான் போகிறது. தம்பியிடம் இருந்தது 667 வேகத்துக்கான டிடிஆர்2 ரேம். பஸ்ஸுக்கும் ரேமுக்கும் உள்ள விகிதத்தை அவர் 4:5 என்றே விட்டுவிட்டார். பஸ் 333 ஆனதும், 667-க்குச் செய்த ரேம் 833-இல் ஓட ஆரம்பித்துவிட்டது. விகிதத்தை 1:1 என்று மாற்றியிருந்தால் ரேம் தன் 667-லேயே நின்றிருக்கும்.

இதில் என்னைப் பயமுறுத்துவது, எதுவும் வெளியே தெரியாததுதான். விண்டோஸ் திறக்கும், பாட்டு ஓடும், போட்டோஷாப்பும் ஓடும். ரேமில் எப்போதாவது ஒரு பிட் (தகவலின் மிகச் சிறிய துண்டு) மட்டும் மாறிப்போகும். கேமரா கார்டிலிருந்து நகல் எடுக்கும்போது படம் ரேம் வழியாகத்தான் ஹார்ட் டிஸ்க்குக்குப் போகிறது. தப்பும் அப்படியே போய் எழுதப்படும். ஜேபெக் படத்தில் ஓர் இடம் கெட்டால் அதற்குக் கீழே உள்ளதும் கெட்டுப்போகலாம். ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ மென்பொருளை ஓடவிட்டேன். பத்து நிமிடத்துக்குள் தப்பைக் காட்டும் சிவப்பு வரிகள் வரத் தொடங்கின. கார்டுகளையோ அவர் அடுத்த முகூர்த்தத்துக்காக ஃபார்மட் செய்திருந்தார்.

கேபினட்டைத் திறந்தால் இன்னும் இரண்டு கோளாறு. பிராசஸரின் சூட்டை இறக்கும் ஹீட்சிங்கின் நான்கு பிளாஸ்டிக் கால்களில் ஒன்று பூட்டாமல் அரை அங்குலம் தூக்கிக்கொண்டு நின்றது. இந்தக் கால்களை எதிரெதிராக இரண்டிரண்டாக அழுத்த வேண்டும். பிறகு போர்டின் பின்பக்கம் பார்த்து, நான்கும் முழுசாக வெளியே வந்து விரிந்திருக்கின்றனவா என்று உறுதி செய்யுங்கள். "டக்" என்ற சத்தத்தை மட்டும் நம்பாதீர்கள். அடுத்தது, பிராசஸர் உட்காரும் சாக்கெட் ஓரத்தில், மின்சாரத்தைச் சீராக்கும் இரண்டு கெப்பாசிட்டர்களின் தலை உப்பியிருந்தது. தட்டையாக இருக்க வேண்டிய தலை அது. விரலால் தடவினாலே தெரியும்.

பிராசஸர் இழுக்கும் மின்சாரம் வேகத்தோடு நேர்விகிதத்திலும், வோல்டேஜின் வர்க்கத்தோடும் ஏறும். வேகத்தைக் கால் பங்கு கூட்டி, வோல்டேஜை 1.20-லிருந்து 1.35-க்கு ஏற்றினால் ஒன்றரை மடங்குக்கு மேல் போகிறது. 95 வாட் பிராசஸர் 150 வாட் கேட்கும். அந்தச் சுமை முழுவதும் பல வருடம் தூசியில் வெந்த கெப்பாசிட்டர்கள் மீதும், ஸ்டிக்கரில் 450 வாட் என்று போட்ட மலிவான எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) மீதும் விழுகிறது. அதுவும் மே மாதத்தில், ஏசி இல்லாத அறையில். உப்பிய கெப்பாசிட்டர் இருக்கும் போர்டில் ஓவர்கிளாக் செய்து தரச் சொன்னால் நான் மாட்டேன் என்றே சொல்லிவிடுகிறேன்.

பிராசஸர் மட்டும் மாற்றுவதில் எனக்கு மறுப்பு இல்லை. எச்61 மதர்போர்டில் இன்டெல் ஐ3-2100 பிராசஸர் வைத்திருப்பவர் ஐ5-3470 போட்டால் வித்தியாசம் நன்றாகவே தெரியும். பழைய பிராசஸர் மாட்டியிருக்கும்போதே பயாஸை அப்டேட் செய்துவிடுங்கள். இல்லையென்றால் புதியதைப் போட்டதும் திரையே வராமல் போகலாம். அந்த போர்டில் ஓவர்கிளாக் ஆகாது, ஆகவே 'கே' என்று முடியும் மாடலுக்கு அதிகம் கொடுக்க வேண்டாம். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் அறிவித்த பட்டியல் இன்டெலில் அநேகமாக 8-ஆம் தலைமுறையிலிருந்துதான் தொடங்குகிறது. எந்த பிராசஸர் போட்டாலும் இந்தப் பழைய போர்டுகள் அதற்குள் வராது. அதையும் மனதில் வைத்துச் செலவு செய்யுங்கள்.

தம்பியின் கணினியை 266-க்கே இறக்கினேன். கெப்பாசிட்டர் இரண்டையும் மாற்றி, ஹார்ட் டிஸ்க்கோடு, அதைவிட வேகமான எஸ்எஸ்டி ஒன்றும் போட்டேன். அவர் தேடிய வேகம் அதிலேயே கிடைத்துவிட்டது. கார்டுகளிலிருந்து மீட்பு மென்பொருள் வழியாகப் பதினெட்டுப் படங்கள் திரும்பி வந்தன. தாலி கட்டும் படம் வரவில்லை. இப்போது அவர் இரண்டு டிஸ்க்கில் நகல் எடுத்து, படங்களைத் திறந்து பார்த்த பிறகுதான் கார்டை ஃபார்மட் செய்கிறார்.