வில்லின் வயிற்றைப் பாருங்கள்

போன ஐப்பசி மழையில் ஒரு தம்பி வில்லோடு பட்டறைக்கு வந்தார். அவரே செய்த முதல் வில். சடச்சி மரத்தைச் செதுக்கி, முதுகில் கல் மூங்கில் பட்டை ஒட்டியிருந்தார். வேலை சுத்தமாகத்தான் இருந்தது. “அண்ணா, ஒரு மாசமா அம்பு முன்ன மாதிரி போக மாட்டேங்குது. நாண் தளர்ந்துடுச்சான்னு பாருங்க” என்றார். நாணில் ஒன்றுமில்லை. வில்லைத் திருப்பி, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்துப் பார்த்தேன். கைப்பிடிக்கு மேலே ஒரு சாண் தள்ளி, மர ரேகைக்குக் குறுக்கே, முடி கனத்தில் ஏழெட்டுக் கோடுகள். “இது வார்னிஷ் கீறல்தானேண்ணா?” அவரையே நகத்தை வைத்து மெல்ல இழுக்கச் சொன்னேன். ஒவ்வொரு கோட்டிலும் நகம் தட்டியது. அவர் முகம் வாடிவிட்டது.

வார்னிஷ் கீறல் அல்ல அது. மரமே நசுங்கி மடிந்த இடம். ஆங்கிலத்தில் கிரிசல் என்பார்கள். நாங்கள் நசுங்கல் கோடு என்று சொல்லிப் பழகிவிட்டோம்.

புதிதாக வில் செய்கிறவர்களுக்குப் பயமெல்லாம் முதுகைப் பற்றித்தான். முதுகு என்றால் இலக்கைப் பார்க்கும் பக்கம். இழுக்கும்போது அது நீள்கிறது. அங்கே ஒரு சிலாம்பு எழும்பினால் படாரென்று ஒடிந்துவிடும் என்பதால் அதை நன்றாகக் கவனிக்கிறார்கள். நம்மைப் பார்க்கும் பக்கம் வயிறு. அதை யாரும் பார்ப்பதில்லை. முழங்கையை மடக்கினால் உள்பக்கத் தோல் சுருங்கி மடிப்பு விழுகிறதல்லவா, வில்லின் வயிற்றுக்கும் அதே கதிதான். காய்ந்த மரம் இழுப்பைத் தாங்குகிற அளவில் பாதிகூட அமுக்கத்தைத் தாங்காது. அதனால் பெரும்பாலான விற்களில் முதலில் தோற்பது வயிறுதான், அதுவும் சத்தமே இல்லாமல். நாணைக் கழற்றிய பிறகும் வில் கொஞ்சம் வளைந்தே நிற்கும், அம்பின் வேகம் குறையும், அப்புறம்தான் கோடு தெரியும்.

கொம்பு வில் செய்த துருக்கியர்களுக்கு இது நன்றாகவே தெரிந்திருந்தது. வயிற்றுப் பக்கம் எருமைக் கொம்பு, முதுகில் விலங்கு நரம்பு. அமுக்கத்துக்கு ஒன்று, இழுப்புக்கு ஒன்று. நாம் மரத்தையே நம்பி வேலை செய்கிறோம், அதனால் மூன்று இடங்களில் கவனம் வேண்டும்.

முதலாவது ஈரம். பட்டறை இருப்பது நாகப்பட்டினம் கடலோரம் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். வில் மரத்துக்கு 8 முதல் 10 சதவீத ஈரம் சரியாக இருக்கும். காற்றின் ஈரப்பதம் 50 சதவீதமாக இருந்தால் மரம் தானாகவே 9 சதவீதத்துக்கு வந்து நிற்கும். ஆனால் நம் கடலோரக் காற்று 80 சதவீதத்தை ஒட்டி நிற்கும் நாட்களில் அதே மரம் 15, 16 சதவீதத்துக்கு ஏறிவிடும். ஒரு சதவீத ஈரம் கூடினால் அமுக்கத்தைத் தாங்கும் பலம் சுமார் 5 சதவீதம் போய்விடுகிறது. முதுகின் பலம் அவ்வளவு குறைவதில்லை. ஆக, ஈரமான வில் ஒடியாது. வயிறு மட்டும் நசுங்கும். ‘மூணு வருஷம் பரண்ல கிடந்த மரம், நல்லா காஞ்சிருக்கும்’ என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்கள் அதிகம். எந்தப் பரண், எந்த ஊர்க் காற்று என்பதுதான் கேள்வி. பரணில் எத்தனை வருடம் கிடந்தாலும் சுற்றியுள்ள காற்றின் ஈரத்துக்குக் கீழே மரம் போகாது.

மரத்தின் ஈரத்தை அளக்கும் மீட்டர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. பிளைவுட்டில் நீளமாக ஒரு பெட்டி அடித்து, உள்ளே இரண்டு குண்டு பல்பு போட்டு, மேலும் கீழும் காற்றோட்டத்துக்கு ஓட்டை விடுங்கள். உள்ளே 35, 40 டிகிரி செல்சியஸ் இருந்தால் போதும். வில்லளவுக்குச் செதுக்கிய கட்டையை அதில் வைத்துத் தினமும் ஒரே நேரத்தில் எடை போட்டு, கட்டையின் மேலேயே பென்சிலால் எழுதிவையுங்கள். நாலைந்து நாள் எடை இறங்காமல் நின்றால் மரம் தயார். அதற்கு மேலும் வறட்ட வேண்டாம். ரொம்பக் காய்ந்த மரம் முதுகில் ஒடியும்.

இரண்டாவது வடிவம். படத்தில் பார்த்துவிட்டு ஆங்கிலேய நீள்வில் மாதிரி ஒடுக்கமாக, உருண்டையாகச் செய்ய ஆசைப்படுகிறார்கள். அது யூ மரம். அதன் வைரப் பகுதி அமுக்கத்தைத் தாங்குவதில் பேர்போனது. அந்த வடிவத்தை வேறு மரத்தில் செய்தால் வயிறு தாங்காது. டென்மார்க்கில் ஹோல்மகார்ட் சதுப்பு நிலத்தில் 1944இல் எல்ம் மர விற்கள் கிடைத்தன. ஏறத்தாழ 9,000 ஆண்டுகள் பழையவை. அவற்றின் கைகள், அதாவது கைப்பிடிக்கு இருபுறமும் வளையும் பாகங்கள், அகலமாக, தட்டையாக இருக்கின்றன. அந்த வழிதான் நமக்கும் பொருந்தும். தடிமன் இரண்டு மடங்கானால் விறைப்பு எட்டு மடங்காகும். அகலம் இரண்டு மடங்கானால் விறைப்பும் இரண்டு மடங்குதான். அதனால் தடிமனை வைத்துப் பவுண்டை, அதாவது வில்லை இழுக்கத் தேவைப்படும் பலத்தை, கூட்டுவது சுலபமாகத் தெரியும். ஆனால் ஒரே வளைவுக்கு, தடிமனான கையின் வயிறுதான் அதிகமாக நசுங்கும். 28 அங்குலம் இழுக்கும் 40 பவுண்டு வில்லுக்கு 68 அங்குல நீளமும், கைகளின் பாதி தூரம் வரை 45 மில்லிமீட்டர் அகலமும் நான் விடுகிறேன்.

மூங்கில் பட்டை ஒட்டுகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். இழுப்பில் மூங்கிலுக்கு ஈடு கிடையாது. அது கொஞ்சம்கூட நீளாமல் நின்றால் முழுச் சுமையும் வயிற்றின் தலையில் விழும். பட்டையை மெல்லிசாக இழைத்து, முதுகின் அகலத்தை வயிற்றைவிட ஒடுக்கிவிடுங்கள். தம்பியின் வில்லில் பட்டை ஐந்து மில்லிமீட்டர் கனம் இருந்தது, முதுகும் வயிறும் ஒரே அகலம். போதாக்குறைக்கு அதைச் செய்தது மழைக்காலத்தில்.

மூன்றாவது, வளைத்துப் பார்த்துச் சீவும் கட்டம். நிறைய விற்கள் முதல் அம்பு விடுவதற்கு முன்பே இங்கேதான் கெடுகின்றன. 40 பவுண்டு வில் வேண்டுமென்றால் எந்தக் கட்டத்திலும் நாணில் மாட்டி இழுக்கும் தராசின் முள் 40ஐத் தாண்டக் கூடாது. 15 அங்குலத்திலேயே 40 காட்டுகிறதா, அங்கேயே நிறுத்திச் சீவுங்கள். ‘இன்னும் ரெண்டு அங்குலம் இழுத்துத்தான் பார்ப்போமே’ என்ற ஆசையில்தான் வயிறு போகிறது. ஒவ்வொரு முறை சீவிய பிறகும் முப்பது தடவை மெதுவாக இழுத்து விடுங்கள். சீவியதன் பலன் அப்போதுதான் வளைவில் தெரியும். ஒரு இடம் மட்டும் முழங்கால் மாதிரி மடங்கினால் அந்த இடத்தை அதற்குப் பிறகு தொடவே கூடாது, மற்ற இடங்களைத்தான் சீவ வேண்டும். வயிற்றில் சின்னக் கணு இருந்தால் அதைச் சுற்றி மரத்தைக் கொஞ்சம் கூடுதலாக விட்டுவைப்பது நல்லது.

கோடு விழுவதற்கு முன்பே கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. வில் 20 அங்குலத்தில் எத்தனை பவுண்டு என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு இன்னும் இரண்டு அங்குலம் கூடுதலாக இழுத்து, திரும்பவும் 20 அங்குலத்தில் தராசைப் பாருங்கள். மரத்தைத் தொடாமலே எடை குறைந்திருந்தால் உள்ளே நசுங்க ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். மரம் இன்னும் காயவில்லை, அல்லது ஏதோ ஓரிடத்தில் சுமை கூடிவிட்டது. வேலையை நிறுத்திக் காரணத்தைத் தேடுங்கள்.

வயிற்றை ஹீட் கன்னால் வாட்டுவதும் உதவும். டீ நிறம் வரும்வரை பொறுமையாக வாட்டி, அப்புறம் ஒரு வாரமாவது வளைக்காமல் வைத்திருக்க வேண்டும். ஒட்டுப் பட்டை போடுவதாக இருந்தால் ஒட்டுவதற்கு முன்பே வாட்டிவிடுங்கள், பிறகு வாட்டினால் பசை இளகும்.

வில்லை வாங்கி வைத்திருப்பவர்களுக்கும் சொல்ல வேண்டியது உண்டு. எய்து முடித்ததும் நாணை இறக்குங்கள். உங்கள் அளவுக்குச் செய்த வில்லை உங்களைவிடக் கை நீளமானவரிடம் கொடுக்காதீர்கள், அவருடைய இரண்டு அங்குலம் உங்கள் வில்லின் ஆயுள். முழுக்க இழுத்துப் பிடித்துக்கொண்டு போட்டோவுக்கு நிற்காதீர்கள். அடைமழை நாட்களில் வில்லுக்கு ஓய்வு கொடுங்கள்.

விழுந்த கோட்டை அழிக்க வழியில்லை. சூப்பர் குளூ ஊற்றினால் கோடு மறையும், நசுங்கிய நார் திரும்பாது. மேலாகத் தெரியும் இரண்டு மூன்று சின்னக் கோடுகள் என்றால் மற்ற இடங்களைச் சீவி வளைவைப் பகிர்ந்து, பத்துப் பவுண்டு குறைத்து ஓட்டலாம். கோடு கையின் முழு அகலத்துக்கும் ஓடியிருந்தால் அந்த வில்லை யாரும் இழுக்கக் கூடாது. ‘சின்னப் பசங்க விளையாடட்டும்’ என்று கொடுத்துவிடவே கூடாது.

தம்பியின் வில்லில் கோடு முழு அகலத்துக்கும் ஓடியிருந்தது. அவர் சம்மதத்தோடு அந்த இடத்தில் நீளவாக்கில் அறுத்து, லென்ஸ் வைத்துப் பார்த்தோம். நார்கள் படிக்கட்டு மாதிரி மடங்கி, கிட்டத்தட்ட மூன்று மில்லிமீட்டர் ஆழம் போயிருந்தன. ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது அவருடைய அடுத்த கட்டை பெட்டிக்குள் இருக்கிறது. தினமும் காலையில் வந்து எடை போட்டு எழுதிவிட்டுப் போகிறார். நேற்று 1,187 கிராம், இன்று 1,184. இன்னும் இறங்குகிறது. சீவுளியைத் தொடவில்லை.