ஒரே ஆள், மூன்று கருவிகள், ஒரு பச்சைப் புள்ளி

சாட் செயலியில் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி தெரிந்தால் ஆள் இருக்கிறார் என்று எடுத்துக்கொள்கிறோம். அந்தப் புள்ளியைப் போடுகிற சர்வருக்கோ அவ்வளவு நிச்சயம் கிடையாது. ஒருவர் உள்ளே வந்தது அதற்கு நன்றாகத் தெரியும். கருவி இணைப்பைத் திறந்து, அடையாளம் காட்டி, வந்துவிட்டேன் என்று தானே சொல்கிறது. போனதை யார் சொல்வது? முறையாக லாக்அவுட் செய்துவிட்டுப் போகிறவர்கள் அபூர்வம். சுரங்கப்பாதைக்குள் ரயில் நுழைந்ததும் சிக்னல் அறுந்துவிடும். பேட்டரி தீர்ந்து போன் அணைந்துவிடும். வீட்டில் கரண்ட் போய் வைஃபை நின்றுவிடும். இவை எதிலும் சர்வருக்கு ஒரு பைட் கூட வந்து சேராது.

ஆக, ஆன்லைன் என்பது சர்வருக்குக் கிடைக்கிற செய்தி. ஆஃப்லைன் என்பது செய்தி வராததை வைத்து அது போடுகிற கணக்கு. சாட் மென்பொருள் எழுதுகிறவர்களை இந்தப் பகுதி படுத்துகிற பாடெல்லாம் இங்கிருந்துதான் கிளம்புகிறது. அதே ஆள் போன், லேப்டாப், டேப்லெட் என்று மூன்றை வைத்துக்கொண்டால் இன்னும் கேட்க வேண்டாம்.

ஆரம்பத்தில் இது சுலபமாகத்தான் இருந்தது. ஸ்டான்ஃபோர்டின் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில் லெஸ் எர்னஸ்ட் 1971-இல் ஃபிங்கர் என்ற நிரலை எழுதினார். யார் யார் கணினியில் வேலை செய்கிறார்கள், கடைசியாக விசையைத் தட்டி எவ்வளவு நேரமாயிற்று என்பதை அது காட்டும். எல்லோரும் ஒரே கணினியோடு இணைந்த டெர்மினல்களில், அதாவது திரையும் விசைப்பலகையும் கொண்ட முனையங்களில், இருந்ததால், கணினி தன் சொந்தப் பட்டியலைப் பார்த்தாலே போதும். இணையம் நடுவில் வந்த பிறகு அந்த வசதி போய்விட்டது.

இணையத்தில் பெரும்பாலான சாட் மென்பொருட்கள் டிசிபி இணைப்பின் மேல் ஓடுகின்றன. இரண்டு கணினிகள் தகவலைப் பரிமாறிக்கொள்ள வகுத்த விதிமுறை அது. இணைப்பு என்று சொன்னாலும் நடுவில் எதுவும் தொடர்ந்து ஓடிக்கொண்டிருப்பதில்லை. இரண்டு முனைகளும் தத்தம் நினைவகத்தில் வைத்திருக்கிற குறிப்புதான் அது. ஒரு முனை செத்துப் போனாலும், அனுப்புவதற்கு எதுவும் இல்லாதவரை மறுமுனை இணைப்பு இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கும். இதைச் சோதிக்க டிசிபியிலேயே கீப்அலைவ் என்று ஒரு வசதி உண்டு. ஆனால் லினக்ஸ் இயங்குதளத்தில், யாரும் மாற்றாமல் விட்டால், இணைப்பு 7,200 விநாடி சும்மா இருந்த பிறகுதான் முதல் சோதனைப் பொட்டலம் போகும். பதில் வராவிட்டால் 75 விநாடிக்கு ஒன்றாக ஒன்பது தடவை தட்டிப் பார்த்துவிட்டு அப்புறம்தான் கைவிடும். இரண்டு மணி நேரத்துக்கும் மேல் இல்லாத ஆளை இருப்பதாகக் காட்டினால் சாட்டுக்கு அது உதவாது.

அதனால் செயலிகள் தாங்களே ஒரு துடிப்பை வைத்துக்கொண்டன. 1988-இல் பின்லாந்தின் ஔலு நகரில் பிறந்த ஐஆர்சி என்ற சாட் முறையில் சர்வர் 'பிங்' என்று கேட்கும், கருவி 'பாங்' என்று பதில் சொல்ல வேண்டும். குறிப்பிட்ட நேரத்துக்குள் பதில் வராவிட்டால் ஆள் வெளியே. அந்தக் கெடு முடியும் வரை பட்டியலில் தொங்கிக்கொண்டிருக்கும் பெயரை ஐஆர்சிக்காரர்கள் கோஸ்ட் என்பார்கள். நெட் அறுந்து மறுபடி உள்ளே வருபவருக்குத் தன் பெயரிலேயே ஒரு பேய் உட்கார்ந்திருக்கும். அதை விரட்டவே சில நெட்வொர்க்குகளில் தனிக் கட்டளை இருந்தது.

கெடுவை எவ்வளவு வைப்பது என்பதற்குச் சரியான விடை கிடையாது. குறைத்தால், லிஃப்டுக்குள் போய் வந்தவரெல்லாம் ஆஃப்லைன் ஆகித் திரும்புவார்கள். கூட்டினால் பேய்கள் பெருகும். அடிக்கடி துடிக்கச் சொல்லலாம் என்றால் போன் ஒத்துக்கொள்ளாது. ஒரு சின்னத் தகவலை அனுப்பினாலும் போனின் ரேடியோ உடனே தூங்கிவிடுவதில்லை. சில விநாடிகள் விழித்தபடியே இருந்து பேட்டரியைத் தின்னும். ஆண்ட்ராய்டும் ஐஓஎஸ்ஸும் பின்னணியில் இருக்கிற செயலியை உறங்க வைத்துவிட்டு, மெசேஜ் வந்தால் கூகுள், ஆப்பிள் நிறுவனங்களின் புஷ் சேவை மூலம் தட்டி எழுப்புகின்றன. அப்படியானால், பாக்கெட்டில் போன் இருக்கிற ஆளின் செயலிக்குச் சர்வரோடு இணைப்பே இல்லை, ஆனால் மெசேஜ் அனுப்பினால் ஒரு நொடியில் மணி அடிக்கும். அவர் இருக்கிறாரா, இல்லையா?

ஒரே ஆளுக்குப் பல கருவிகள் என்ற சிக்கலை முதலிலேயே யோசித்து வைத்தது ஜாபர் என்ற சாட் திட்டம். ஜெரமி மில்லர் 1999-இல் அறிவித்த இந்தத் திட்டம்தான் பிறகு எக்ஸ்எம்பிபி என்ற நெறிமுறையாக வளர்ந்தது. அதில் முகவரியின் கடைசியில் ஒரு சாய்கோடு போட்டு, 'வீடு', 'ஆபீஸ்' என்று கருவிக்கும் ஒரு பெயர் இருக்கும். ஒவ்வொரு கருவியும் தன் நிலையைத் தனித்தனியாகச் சொல்லும். கூடவே -128-லிருந்து 127 வரை ஒரு முன்னுரிமை எண்ணையும் கொடுக்கும். முகவரிக்கு மெசேஜ் வந்தால், எண் பெரிதாக இருக்கிற கருவிக்குப் போகும். அழகான யோசனைதான். ஆனால் ஆபீஸ் கணினியை அணைக்காமல் வீட்டுக்குப் போனவரின் மெசேஜ்கள் எல்லாம் ராத்திரி முழுவதும் அந்த ஆளில்லாத மேஜைக்கே போய்ச் சேர்ந்தன. கொஞ்ச நேரம் விசைப்பலகை சும்மா இருந்தால் எண்ணைத் தானாகக் குறைத்துக்கொள்கிற வித்தையைச் செயலிகள் கற்றுக்கொண்டன. அதுவும் பாதிக் கிணறுதான். கடைசியில், எல்லாக் கருவிக்கும் நகல் அனுப்புவது, சர்வரில் சேமித்து வைத்துப் பிறகு எடுத்துக்கொள்வது என்ற வழிக்கு வந்துவிட்டார்கள்.

என் பார்வையில் இந்த மாற்றம்தான் முக்கியமானது. அதுவரை 'யார் எங்கே இருக்கிறார்' என்ற தகவல் மெசேஜைச் சரியான இடத்தில் சேர்க்கத் தேவைப்பட்டது. மெசேஜ் எல்லா இடத்துக்கும் போகத் தொடங்கியதும் அந்த வேலை போய், மனிதர்கள் பார்ப்பதற்கான தகவலாக மட்டும் அது மிஞ்சியது. பார்க்கிறவருக்கு மூன்று கருவிகளின் மூன்று நிலைகள் எதற்கு? ஒன்று போதும். மூன்றை ஒன்றாக்க வேண்டும். ஜாபர் சர்வர் அந்த வேலையை நண்பரின் செயலியிடம் விட்டுவிட்டது. புதிய மென்பொருட்களில் பலவும் அதைச் சர்வரிலேயே செய்கின்றன.

ஒன்றாக்குவதில் எப்படிச் சறுக்கலாம் என்பதற்கு மேட்ரிக்ஸ் நல்ல உதாரணம். மின்னஞ்சல் போல யார் வேண்டுமானாலும் சர்வர் வைத்து மற்றவர்களோடு பேசிக்கொள்ளும் திறந்த நெறிமுறை இது, 2014-இல் வந்தது. அதன் முதன்மையான சர்வர் மென்பொருள் சினாப்ஸ். இங்கே பொதுவாக நிரந்தர இணைப்பு கிடையாது. புதிதாக ஏதாவது வந்திருக்கிறதா என்று கருவி திரும்பத் திரும்பக் கேட்கும். அந்தக் கேள்வியே துடிப்பு. கேள்வி நின்று 30 விநாடி ஆகியும் அடுத்தது வராவிட்டால் ஆஃப்லைன். கேள்வி வந்துகொண்டே இருந்தும் ஐந்து நிமிடம் ஆள் எதையும் தொடாவிட்டால் 'இப்போது இல்லை' என்ற நடு நிலை.

நீண்ட காலம் சினாப்ஸ் இந்த நிலையை ஆளுக்கு ஒன்று என்றுதான் வைத்திருந்தது, கருவிக்கு ஒன்று என்று இல்லை. கையில் போனை வைத்துக்கொண்டு பேசுகிறவரின் லேப்டாப் மேஜையில் சும்மா திறந்து கிடக்கிறது என்று வையுங்கள். போன் கேட்கும்போது 'ஆன்லைன்' என்று எழுதப்படும். அடுத்த நிமிடம் லேப்டாப் கேட்கும்; 'இப்போது இல்லை' என்று அதே இடத்தில் மேலெழுதப்படும். மறுபடி போன். புள்ளி விட்டுவிட்டு எரிவது மட்டும் பிரச்சினை என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு போகலாம். ஒவ்வொரு மாற்றத்தையும் அவரோடு ஒரே உரையாடல் அறையில் இருக்கிற அத்தனை பேருக்கும், அவர்கள் இருக்கிற அத்தனை சர்வர்களுக்கும் சொல்லியாக வேண்டும். மனிதர் ஆடாமல் அசையாமல் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருக்க, அவர் வந்து போவதாகச் செய்தி உலகம் சுற்றும். 2023-இல் கருவிக்குக் கருவி தனிக் கணக்கு என்று மாற்றி எழுதிய பிறகுதான் இது சரியானது.

அந்தத் தனிக் கணக்குகளை ஒன்றாக்குகிற விதி எளிமையானது: எல்லாவற்றிலும் உயர்ந்த நிலை எதுவோ அதுவே ஆளின் நிலை. வாசலில் ஆள் இல்லை என்பதால் கொல்லைப்புறத்திலும் இல்லை என்று சொல்ல முடியாதில்லையா? இருப்பதற்கு ஒரு கருவியின் சாட்சி போதும்; இல்லை என்று சொல்ல எல்லாக் கருவியும் கை விரித்தாக வேண்டும். ஆஃப்லைனுக்கு மேலே 'இப்போது இல்லை', அதற்கு மேலே ஆன்லைன். ஆன்லைனுக்கும் மேலே ஒன்று உண்டு: 'வேலையில் இருக்கிறேன்'. மற்றவை நேரத்தை வைத்துச் சர்வர் ஊகிப்பவை. இது ஆளே வாய்விட்டுச் சொன்னது. ஊகம் அதை மீறக் கூடாது. கடைசியாக எப்போது தொட்டார் என்பதற்கும் அதே போல, கருவிகளிலேயே சமீபத்திய நேரத்தை எடுத்துக்கொள்வார்கள்.

விதி எளிது என்றேன், ஆனால் கணக்கை வைத்திருக்கும் முறையில் ஒரு பொறி இருக்கிறது. முதலில் மனதில் தோன்றுவது, எத்தனை இணைப்புகள் என்று ஒரு எண்ணை வைத்துக்கொண்டு, வந்தால் ஒன்றைக் கூட்டி, போனால் ஒன்றைக் கழிப்பது. பூஜ்யமானால் ஆஃப்லைன். சர்வர் ஒன்று திடீரென்று விழுந்தால், கழிக்க வேண்டிய கழித்தல் நடக்காமலே போய்விடும். அந்த ஆள் பிறகு எத்தனை நாள் போனாலும் ஆன்லைன்தான். அதனால் எண்ணுக்குப் பதில், ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு தனி அடையாளமும் காலாவதி நேரமும் கொடுத்துப் பட்டியலாக வைப்பார்கள். துடிப்பு வரும்போதெல்லாம் காலாவதி தள்ளிப் போகும். வராவிட்டால் அந்த வரி தானே உதிர்ந்துவிடும். வைஃபையிலிருந்து மொபைல் டேட்டாவுக்கு மாறுகிற போனுக்கும் இதுவே காப்பு. புதிய இணைப்பு திறந்து வெகு நேரம் கழித்துப் பழையது சாகும்போது, சாகிற வரி மட்டும் போகும், ஆள் போக மாட்டார்.

பெரிய சேவைகளில் ஒருவரின் போன் ஒரு சர்வரிலும் லேப்டாப் இன்னொரு சர்வரிலும் இணைந்திருக்கும். மையத்தில் ஒரே பட்டியல் வைத்தால், அது விழுந்தால் எல்லோரும் விழுவார்கள். எலிக்சர் என்ற நிரல் மொழியில் செயலிகள் கட்ட உதவும் ஃபீனிக்ஸ் சட்டகம் 2016-இல் கொண்டுவந்த வழி வேறு. ஒவ்வொரு சர்வரும் தன்னிடம் இணைந்தவர்களின் வரிகளுக்கு மட்டும் சொந்தக்காரர். தங்களுக்குள் அவ்வப்போது பட்டியல்களைப் பரிமாறிக்கொள்ளும்; எந்த வரிசையில் வந்து சேர்ந்தாலும் கடைசியில் எல்லோரிடமும் ஒரே பட்டியல்தான் இருக்கும் என்பதைக் கணித ரீதியாக உறுதி செய்கிற தரவு அமைப்பு அது. ஒரு சர்வர் பேச்சு மூச்சில்லாமல் போனால், அதற்குச் சொந்தமான வரிகளை மற்றவை அழித்துவிடும். கருவிக்கு வைத்த அதே துடிப்பு விதி இங்கே சர்வருக்கும்.

இத்தனையும் செய்த பிறகு செலவு என்ற கேள்வி வரும். ஒரே சர்வரில் 20 லட்சம் இணைப்புகளைத் தாங்க முடிகிறது என்று வாட்ஸப் 2012-இலேயே அறிவித்தது. ஆகவே இணைப்பைத் திறந்து வைப்பது பெரிய விஷயம் இல்லை. 2008-இல் ஃபேஸ்புக் சாட்டைக் கட்டியவர்களும், மெசேஜை அனுப்புவதைவிட நண்பர்களின் நிலை மாற்றங்களைச் சொல்லிக்கொண்டே இருப்பதுதான் பெரிய சுமை என்று எழுதினார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒருவருக்கு 300 நண்பர்கள், ஒரு நாளில் 20 முறை நிலை மாறுகிறது என்றால் 6,000 அறிவிப்புகள். அப்படிப் பத்து லட்சம் பேர் இருந்தால் நாளுக்கு 600 கோடி. இதில் பெரும்பகுதியை யாரும் பார்க்கவே போவதில்லை. மேட்ரிக்ஸின் மிகப் பெரிய பொதுச் சர்வரில் செலவு கருதி இந்த வசதியை நீண்ட காலம் அணைத்தே வைத்திருந்தார்கள்.

சிக்கனத்துக்கு வழிகள் உண்டு. திரையில் தெரிகிற பெயர்களுக்கு மட்டும் நிலையைக் கேட்கலாம். வாட்ஸப்பில் ஒருவரின் உரையாடலைத் திறந்தால்தான் ஆன்லைனா என்று தெரியும், பட்டியலில் தெரியாது. வந்ததை உடனே அறிவித்துவிட்டு, போனதைச் சற்றுத் தாமதித்து அறிவிக்கலாம். அந்த இடைவெளியில் அவர் திரும்பி வந்துவிட்டால் இரண்டு அறிவிப்புகள் மிச்சம்.

இதெல்லாம் கருவிகள் நேர்மையாகச் சொல்வதை வைத்து. ஆள் தன்னைக் காட்ட விரும்பாவிட்டால்? ஜெர்மனியின் உல்ம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-இல், ஆன்லைன் வந்து போகும் நேரங்களை மட்டும் சேகரித்தே ஒருவர் எப்போது தூங்குகிறார், யாரோடு பேசிக்கொண்டிருக்கக்கூடும் என்பதுவரை ஊகிக்க முடியும் என்று காட்டினார்கள். 2022-இல் வாட்ஸப், ஆன்லைனில் இருப்பதை யார் பார்க்கலாம் என்று தேர்ந்தெடுக்கும் வசதியைக் கொடுத்தது. சர்வருக்கு இது கூடுதல் வேலை: ஆளின் நிலை ஒன்று, பார்க்கிறவரைப் பொறுத்துச் சொல்லும் பதில் வேறு.

புள்ளியை மறைத்தாலும் டெலிவரி டிக் மறைவதில்லை. வியன்னா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024-இல் வெளியிட்ட ஆய்வு இந்த ஓட்டையைத்தான் பிடித்தது. வாட்ஸப்பிலும் சிக்னல் என்ற சாட் செயலியிலும், இல்லாத ஒரு மெசேஜுக்கு ரியாக்‌ஷன் அனுப்பினால் எதிராளியின் திரையில் ஒன்றும் தெரியாது. ஆனால் அவர் கருவி, வந்து சேர்ந்தது என்று பதில் அனுப்பிவிடும். பதில் வர ஆகும் நேரத்தைப் பார்த்தே போனின் திரை எரிகிறதா அணைந்திருக்கிறதா என்று சொல்ல முடிந்தது. ஒரே ஆளின் போனும் லேப்டாப்பும் தனித்தனியாகப் பதில் அனுப்புவதால், எது எப்போது இணைப்பில் இருந்தது என்பதும் பிரிந்து பிரிந்து தெரிந்தது. சர்வர் பாடுபட்டு ஒன்றாக்கிய மூன்று நிலைகளும் அந்தப் பக்கமாக மறுபடி மூன்றாகவே வெளியே வந்தன.