பழுதுவகை விளைவுப் பகுப்பாய்வு: சொல்லும் பொருளும்

ஒரு தொழிலின் ஒவ்வொரு படியிலும் எது எப்படிப் பழுதாகக்கூடும், பழுதானால் யாருக்கு என்ன நேரும், அதற்குக் காரணம் எது என்பவற்றைப் பழுது நிகழும் முன்பே எழுதிப் பார்த்து, எதை முதலில் தடுப்பது என்று முடிவுசெய்யும் ஆய்வுக்கு ஆங்கிலத்தில் ‘ஃபெயிலியர் மோட் அண்ட் எஃபெக்ட்ஸ் அனாலிசிஸ்’ என்று பெயர். நாகர்கோவிலில் பொறியியல் படித்து ஓசூருக்கோ ஸ்ரீபெரும்புதூருக்கோ வேலைக்குச் செல்லும் நம் பிள்ளைகள் இதை எஃப்.எம்.இ.ஏ. என்ற எழுத்துகளாகவே அறிவார்கள்.

இம்முறை அமெரிக்கப் படைத்துறையில் தோன்றியது. 1949 நவம்பரில் வெளியான ‘மில்-பி-1629’ என்னும் செயல்முறை ஆவணம் இதற்கு முதல் வரையறையைத் தந்தது. 1960களில் நாசா அப்பல்லோ திட்டத்தில் இதைக் கையாண்டது. 1970களில் ஃபோர்டு நிறுவனத்தின் வழியாக இது மோட்டார் வாகனத் தொழிலுக்குள் வந்தது. இன்று மருத்துவமனை, உணவுத் தொழில் வரை பரவியிருக்கிறது.

தமிழில் இதைத் ‘தோல்வி முறை மற்றும் விளைவு பகுப்பாய்வு’ என்று எழுதுகிறார்கள். இதில் இரண்டு சொற்கள் பொருந்தவில்லை. போட்டியிலும் தேர்தலிலும் போரிலும் நேர்வது தோல்வி. அதற்கு எதிரில் வென்றவர் ஒருவர் இருக்க வேண்டும். இயந்திரமோ செயல்முறையோ தனக்குரிய பயனைத் தராமல் போவது தோல்வியன்று, பழுது. தொல்காப்பிய உரியியல் ‘பழுது பயம் இன்றே’ என்கிறது. பயம் என்பது அங்கே பயன். எதிர்பார்த்த பயன் கிடைக்காமையே பழுது என்னும் அந்த விளக்கம், இன்றைய பொறியியல் வரையறையோடு நன்கு ஒத்துப்போகிறது. அடுத்து, ‘மோட்’ என்பதற்கு ‘முறை’ என்று எழுதினால் ஒழுங்கு, நெறி என்னும் பொருள் வந்து சேர்ந்துவிடும். பழுது எந்த வடிவில் தோன்றுகிறது என்பதே இங்குக் கேள்வி என்பதால் ‘வகை’ என்பதே சரி. எனவே ‘பழுதுவகை விளைவுப் பகுப்பாய்வு’ என்பதை நான் பரிந்துரைக்கிறேன். இடையில் ‘மற்றும்’ தேவையே இல்லை.

பழுதுவகை, காரணம், விளைவு ஆகிய மூன்றையும் பிரித்தறிவதில்தான் இந்த ஆய்வின் உயிர் இருக்கிறது. பலரும் இடறுவதும் இங்கேதான். கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம், அருமனைப் பகுதிகளில் ரப்பர் ஷீட் அடிக்கும் வேலையை எடுத்துக்கொள்வோம். மரத்தில் கட்டிய சிரட்டையிலிருந்து சேர்த்த ரப்பர் பாலை வடிகட்டி, தண்ணீர் கலந்து, ஃபார்மிக் ஆசிட் ஊற்றி உறையவைத்து, உறைந்ததை ரோலரில் கொடுத்து, நீர் வடிந்தபின் புகையில் உலர்த்துகிறார்கள். வடிகட்டும் படியில் ‘பாலில் பட்டைத் துகள் தங்குதல்’ என்பது பழுதுவகை. வலை கிழிந்திருப்பது காரணம். ஷீட்டின் தரம் இறங்கி விலை குறைவது விளைவு. உலர்த்தும் படியில் ‘உள்ளே ஈரம் நிற்றல்’ என்பது பழுதுவகை. ஷீட் தடித்துப்போனதோ புகைக்கூடத்தில் சூடு போதாமையோ காரணம். அடுக்கி வைத்த இடத்தில் பூஞ்சணம் பிடிப்பது விளைவு. பூஞ்சணத்தையே பழுது என்று எழுதிவிட்டால், கண் சேமிப்பு அறையோடு நின்றுவிடும்; தடுக்க வேண்டிய இடமோ ரோலரின் இடைவெளியிலும் புகைக்கூடத்தின் நெருப்பிலும் இருக்கிறது.

ஒவ்வொரு பழுதுவகைக்கும் கடுமை, நிகழ்வாய்ப்பு, கண்டறிதல் என மூன்று மதிப்பெண்கள் 1 முதல் 10 வரை இடப்படும். மூன்றாவதில் எண் கூடினால் கண்டுபிடிப்பது கடினம் என்று பொருள் என்பதால், அதைக் ‘கண்டறிதல் அருமை’ என்று எழுதுவது குழப்பத்தைத் தவிர்க்கும். உலராத ஷீட்டை வெளிச்சத்தில் பிடித்தால் வெள்ளைத் திட்டு தெரியும். ஆகவே அதற்குக் குறைந்த எண் போதும். மூன்றையும் பெருக்கி வரும் தொகையைக் கொண்டே நெடுங்காலம் முன்னுரிமை கணித்தார்கள். இந்தக் கணக்கில் ஓர் ஆபத்து உண்டு. புகைக்கூடம் தீப்பற்றுவதற்குக் கடுமை 9, நிகழ்வாய்ப்பு 2, கண்டறிதல் 5 என்று வைத்தால் தொகை 90. பட்டைத் துகளுக்கு 3, 6, 5 என்று வைத்தாலும் அதே 90. ஆள் உயிருக்கு உலை வைக்கும் தீயும், கிலோவுக்குச் சில ரூபாய் குறைக்கும் துகளும் ஒரே வரிசையில் நிற்பதை எப்படி ஏற்பது? அமெரிக்க, ஜெர்மானிய வாகனத் தொழில் அமைப்புகள் 2019இல் சேர்ந்து வெளியிட்ட கையேடு இப்பெருக்குத்தொகையைக் கைவிட்டு, கடுமையை முதலில் வைத்துப் பார்க்கும் ‘நடவடிக்கை முன்னுரிமை’ என்பதைக் கொண்டுவந்தது. சிறு தொழில் செய்வோரும் இதையே பின்பற்றுவது நல்லது.

பேச்சில் இவ்வளவு நீண்ட பெயர் நிற்காது. ‘பழுதாய்வு’ என்று சுருக்கினால், கெட்டுப்போன பின் காரணம் தேடும் வேறோர் ஆய்வோடு இது கலந்துவிடும். ‘முன்பழுதாய்வு’ என்றால் அந்த மயக்கம் நேராது. ரோலரில் நிற்பவரும் புகைக்கூடத்தைக் கவனிப்பவரும் சேர்ந்து உட்கார்ந்து நிரப்ப வேண்டிய அட்டவணையின் தலைப்பில் அச்சொல்லையே எழுதலாம்.