புடையன் கடியும் கொரோனாவும்: குருதி உறைவதன் இரு கோணல்கள்

யாழ்ப்பாணத்தில் புடையன் பாம்பு (கண்ணாடி விரியன்) கடித்தவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால், கொஞ்சக் குருதியைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் அசையாமல் வைப்பார்கள். பிறகு சரித்துப் பார்க்கும்போது உறையாமல் ஓடினால் நஞ்சு ஏறிவிட்டது என்று அர்த்தம். குருதியை உறையவைக்கும் காரணிகளை அந்த நஞ்சு தாறுமாறாகத் தூண்டுகிறது. அதனால் ஃபைப்ரினோஜன் என்ற புரதம் செலவழிந்து போகிறது, உறைய எதுவும் மிஞ்சுவதில்லை.

கடும் கொரோனாவில் நடப்பது வேறு. ஃபைப்ரினோஜன் பெரும்பாலும் வழமையைவிடக் கூடியே இருக்கும். கோளாறு தொடங்குவது குருதி நாளங்களின் உட்சுவரில். சும்மா இருக்கும் வரை குருதியை உறையவிடாமல் காப்பது அந்தச் சுவர்தான். அழற்சி அதைப் புண்ணாக்கியதும் வொன் வில்லபிராண்ட் காரணி என்ற பசைபோன்ற புரதம் வெளியே கொட்டுகிறது, குருதியை உறையவைக்க உதவும் சிறுதட்டுகள் (பிளேட்லெட்) அதில் ஒட்டிக்கொள்கின்றன. போதாததற்கு, நியூட்ரோபில் என்ற வெண்குருதிக் கலங்கள் தங்கள் டிஎன்ஏ இழைகளையே வெளியே வீசுகின்றன. அவற்றைப் பற்றிக்கொண்டும் குருதிக்கட்டி வளரும். நுரையீரலின் நுண்நாளங்களில் அங்கேயே அடைப்பு வரலாம். படுத்தே கிடப்பவரின் காலில் உண்டான கட்டி கழன்றுபோயும் நுரையீரலை அடைக்கலாம்.

உடல் கட்டியைக் கரைக்கும்போது உடையும் துண்டுதான் டி-டைமர். ரிப்போட்டில் அது கூடியிருப்பதைக் கண்டு பதறுபவர்கள் அதிகம். ஆனால் கர்ப்பம், முதுமை, சத்திரசிகிச்சை எல்லாவற்றிலும் அது கூடும்.

சரி, மருந்து? ஹெப்பரின். 1916இல் ஜே மக்லீன் என்ற மருத்துவ மாணவர் நாயின் ஈரலை ஆராயும்போது அகப்பட்டது; இன்று எடுப்பது பன்றிக் குடலிலிருந்து. அதன் சிறு மூலக்கூறு வடிவமான எனொக்ஸாபரினை வயிற்றுத் தோலுக்குக் கீழ் ஏற்றுவார்கள். ஹெப்பரின் கட்டியைக் கரைக்காது. புதிதாக உண்டாகாமலும் இருப்பது பெருக்காமலும் தடுக்கும், அவ்வளவுதான். கரைப்பது உடலின் வேலை.

எவ்வளவு கொடுப்பது என்பதில்தான் எதிர்பாராத விடை வந்தது. 2021இல் வெளியான பெரிய ஆய்வுகளில், வார்டில் இருந்த, நோய் நடுத்தரமாக இருந்தவர்களுக்கு முழு அளவு ஹெப்பரின் உதவியது. தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தவர்களுக்கு அந்த முழு அளவு மருந்து உதவவில்லை. நோய் முற்றியபின் மருந்து பிந்திவிடுகிறது போலும். அதனால் அவர்களுக்குக் கட்டியைத் தடுக்கும் குறைந்த அளவே வழக்கமாயிற்று. அஸ்பிரினையும் பிரித்தானியாவின் ரிக்கவரி ஆய்வில் ஏறத்தாழ 15,000 பேரில் சோதித்தார்கள். இறப்பு குறையவில்லை, குருதிப்பெருக்கு சற்றுக் கூடியது. கொரோனா என்றதும் வீட்டிலேயே அஸ்பிரின் குளிசை போட்டுக்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லாதது இதனால்தான்.

கட்டி உண்மையிலேயே வந்தவர்கள் வீடு திரும்பிய பிறகும் குறைந்தது மூன்று மாதம் மருந்து எடுக்கவேண்டும். ஒரு கால் மட்டும் வீங்கி நொந்தாலோ, திடீரென மூச்சு முட்டினாலோ கிளினிக் நாள்வரை காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.