குளிர்காலத்தில் மீன் தொட்டி: ஹீட்டர் வாங்குவதற்கு முன் போட வேண்டிய கணக்கு

மீன் வளரும் தண்ணீரையே சுற்றவிட்டுச் செடியும் வளர்க்கும் முறைதான் அக்வாபோனிக்ஸ். குளிர் இறங்கிய காலையில் அந்தத் தொட்டியில் தீவனம் தூவினால், வழக்கமாக மேலே வந்து மொய்க்கும் திலேப்பியாக்கள் வராது. அடியில் ஓரமாக ஒதுங்கி, செவுள் மூடி மட்டும் மெல்ல அசைய நிற்கும். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தாலும் தீவனம் அப்படியே மிதந்து ஊறிக் கிடக்கும். நோய் வந்துவிட்டது என்று பயந்து மருந்து தேடுகிறவர்கள் உண்டு. மருந்துக்கு முன் தண்ணீரில் தெர்மாமீட்டரை விட்டுப் பாருங்கள்.

மீனுக்கு நம்மைப் போல உடம்புக்குள் சூட்டைக் காத்து வைக்கும் ஏற்பாடு இல்லை. தண்ணீர் என்ன வெப்பநிலையோ, கிட்டத்தட்ட அதுதான் மீனின் உடல் வெப்பநிலை. திலேப்பியாவுக்கு 27 முதல் 30 டிகிரி செல்சியஸ் தோதானது. 20 டிகிரிக்குக் கீழே வளர்ச்சி மிகவும் மந்தமாகிவிடும். 16, 17 டிகிரிக்கு இறங்கினால் பெரும்பாலும் தீவனத்தைத் தொடாது. 10, 12 டிகிரியில் சில நாட்கள் கிடந்தால் செத்து மிதக்கும்.

மீனுக்கு நேர்வது கண்ணுக்குத் தெரிகிறது. பாக்டீரியாவுக்கு நேர்வது தெரிவதில்லை. மீன் வெளியேற்றும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதைச் செடிக்கு உணவாகும் நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் 25 முதல் 30 டிகிரியில் சுறுசுறுப்பாக இருக்கும். 18 டிகிரிக்கு வந்தால் வேகம் ஏறக்குறைய பாதியாகும். 10 டிகிரிக்குக் கீழே பெயருக்குத்தான் வேலை நடக்கும். மீன் கொஞ்சம் தின்றுகொண்டும் பாக்டீரியா அசந்தும் இருக்கிற அந்த இடைப்பட்ட வாரங்களில்தான் அம்மோனியா சத்தமில்லாமல் ஏறும். குளிரில் மீன் சாவுக்குக் குளிரை மட்டும் குற்றம் சொல்ல முடியாது.

தண்ணீரில் மிதக்கும் பலகையில் செடி வளர்க்கும், இன்று பலரும் பின்பற்றும் மிதவைப் படுகை முறையை ஜேம்ஸ் ராக்கோஸியும் அவருடைய குழுவினரும் கரீபியன் தீவொன்றில், வர்ஜின் தீவுகள் பல்கலைக்கழகத்தில் செம்மைப்படுத்தினார்கள். ஆண்டு முழுக்க வெயில் காயும் இடம் அது. தண்ணீரைச் சூடாக்க வேண்டிய அவசியமே அங்கே எழவில்லை. அதே அமைப்பைக் குளிர் உள்ள ஊருக்குக் கொண்டுவரும்போது சூட்டுக் கணக்கை நாம்தான் போட்டாக வேண்டும்.

கணக்கின் முதல் எண் இதுதான்: 1,000 லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 1.16 யூனிட் மின்சாரம் வேண்டும். யூனிட் என்றால் ஒரு கிலோவாட்-மணி. 1,000 வாட் ஹீட்டர் ஒன்று 70 நிமிடம் எரிந்தால் ஏறுவது ஒரே ஒரு டிகிரி. தினமும் நான்கு டிகிரி இழந்து நான்கு டிகிரி ஏற்றினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ஆனால் இதே எண் நம் பக்கமும் நிற்கிறது. ஏறச் சிரமப்படும் தண்ணீர் இறங்கவும் சிரமப்படும், வெப்பம் வெளியேறும் வழிகளை அடைத்துவிட்டால்.

பலரும் முதலில் தொட்டியின் சுவரைத்தான் போர்த்துவார்கள். நான் மேற்பரப்பிலிருந்து தொடங்கச் சொல்வேன். திறந்து கிடக்கும் தண்ணீர் ஆவியாகிக்கொண்டே இருக்கிறது. ஆவியாகும் ஒவ்வொரு லிட்டரும் 0.68 யூனிட் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வது இப்படித்தான். ஒரு சதுர மீட்டர் பரப்புள்ள தொட்டியில் ஒரே நாளில் தண்ணீர் மட்டம் 4 மில்லிமீட்டர் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அது 4 லிட்டர். பார்வைக்கு ஒன்றுமில்லாத அளவு. அதோடு போன வெப்பம் 2.7 யூனிட், 1,000 லிட்டர் தொட்டியை இரண்டு டிகிரிக்கு மேல் குளிரவைக்க அது போதும். இதுபோகத் திறந்த வானத்தின் கீழ் இருக்கும் தொட்டி, மேகமில்லாத இரவில் கதிர்வீச்சாகவும் வெப்பத்தை இழக்கிறது.

ஒரு மூடி போட்டால் இந்த இரண்டும் பெருமளவு அடங்கும். தண்ணீரின் மேல் மிதக்கிற தெர்மாகோல் தகடோ பபுள் ஷீட்டோ போதும். தெர்மாகோலைப் பாலித்தீன் தாளில் சுற்றி ஒட்டிவிடுங்கள். இல்லையென்றால் உதிரும் மணிகளை மீன் கொத்தி விழுங்கும். மூடினால் மீனுக்கு மூச்சு முட்டாதா என்ற கேள்வி நியாயமானது. குளிர்ந்த தண்ணீரில் ஆக்சிஜன் கூடுதலாகக் கரையும்: 30 டிகிரியில் லிட்டருக்கு 7.5 மில்லிகிராம் என்றால் 20 டிகிரியில் 9.1 மில்லிகிராம். என்றாலும் ஏர் பம்ப் ஓடியே ஆக வேண்டும். கரியமில வாயு வெளியேற மூடியின் ஓரத்தில் இடைவெளியும் வேண்டும்.

அடுத்துச் சுவர். ஒரு மீட்டர் நீளம், அகலம், ஆழம் உள்ள பிளாஸ்டிக் தொட்டிக்கு நான்கு பக்கமும் அடியும் சேர்த்து 5 சதுர மீட்டர். வெளிக்காற்றைவிடத் தண்ணீர் 10 டிகிரி சூடாக இருந்தால், வெறும் சுவர் வழியே ஏறக்குறைய 400 வாட் போகும். 5 சென்டிமீட்டர் தெர்மாகோல் ஒட்டினால் அது 30 வாட்டைச் சுற்றி வந்து நிற்கும். பிளாஸ்டிக் தடிப்பாக இருப்பதால் பயனில்லை. சூட்டைத் தடுப்பது தெர்மாகோலுக்குள் அசையாமல் சிறைப்பட்டிருக்கும் காற்றுதான். அதனால்தான் ஈரம் ஊறிய தெர்மாகோலின் பயன் குறைகிறது.

அடிப்பகுதியை மறந்துவிடாதீர்கள். ஒரு மீட்டர் ஆழத் தண்ணீர் சதுர மீட்டருக்கு ஒரு டன் அழுத்துவதால், அங்கே அடர்த்தி கூடிய தகடு வேண்டும். தொட்டியை மண்ணில் புதைத்தால் தானாகக் கதகதப்பாக இருக்கும் என்ற நம்பிக்கை ஈரமண்ணில் பலிக்காது. ஈரமண் காய்ந்த மண்ணைவிடப் பல மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். புதைக்கும் தொட்டிக்கும் தெர்மாகோல் வேண்டும்.

மூடியும் சுவரும் சேர்ந்து என்ன சாதிக்கின்றன? 22 டிகிரி தண்ணீர், வெளியே 12 டிகிரி, 12 மணி நேர இரவு. போர்வையும் மூடியும் இல்லாத 1,000 லிட்டர் தொட்டி விடிவதற்குள் நான்கு டிகிரிக்கு மேல் இறங்கிவிடும். இரண்டும் உள்ள தொட்டி இறங்குவது அரை டிகிரி அளவுதான். ஹீட்டர் இன்னும் வாங்கவே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் தொட்டி குளிர்கிறது என்றால், குற்றவாளி அநேகமாகச் செடிப் படுகை. கூழாங்கல் நிரப்பிய படுகைக்குள் தண்ணீர் ஏறி வடியும் முறையை எடுத்துக்கொள்ளுங்கள். வடியும் ஒவ்வொரு தடவையும் வெளிக்குளிர் கற்களுக்கிடையே உள்ளே இழுக்கப்படுகிறது. அடுத்து ஏறும் வெதுவெதுப்பான தண்ணீர் அந்தக் கற்களுக்குச் சூட்டைக் கொடுத்துவிட்டுத் தொட்டிக்குத் திரும்புகிறது. வெப்பத்தைக் கொட்டித் தீர்ப்பதற்கென்றே ஒரு கருவி செய்தால் இதைவிட நன்றாகச் செய்ய முடியாது.

இதை நீங்களே அளக்கலாம். படுகைக்குள் தண்ணீர் நுழையும் இடத்தில் ஒரு தெர்மாமீட்டர், திரும்பி விழும் இடத்தில் இன்னொன்று. இரண்டையும் ஒரே டம்ளர் தண்ணீரில் வைத்து ஒத்துப்போகிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். இரவு பத்து மணிக்குப் போய்ப் பார்த்தால் வித்தியாசம் அரை டிகிரி என்று காட்டக்கூடும். அரை டிகிரிதானே என்று தோன்றும். மணிக்கு 1,000 லிட்டர் ஓடுகிறது என்றால் அந்த அரை டிகிரியின் விலை 580 வாட். தெர்மாகோல் ஒட்டிய தொட்டிச் சுவர் இழப்பதைப்போல இருபது மடங்கு!

ஆகவே இரவில் ஓட்டத்தைக் குறைக்க வேண்டும். ஒரு டைமர் வைத்து, பகலில் வழக்கம்போலவும் இரவில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை 15 நிமிடமும் பம்ப் ஓடும்படி அமைக்கலாம். கற்கள் ஈரமாக இருக்கும்வரை அவற்றில் ஒட்டியிருக்கும் பாக்டீரியாவுக்கு ஆபத்தில்லை. தீவனத்தை மதியத்துக்குள் போட்டு முடித்தால் இரவில் சேரும் அம்மோனியாவும் குறையும். இந்த ஏற்பாடு குழாயில் மெல்லிய படலமாகத் தண்ணீர் ஓடும் முறைக்குப் பொருந்தாது. நிறுத்தினால் வேர் காயும், ஓடவிட்டால் சூடு போகும். குளிருக்கு ஆகவே ஆகாத அமைப்பு அது. மிதவைப் படுகை தப்பித்துக்கொள்கிறது, ஏனென்றால் அங்கே செடியைத் தாங்கும் தெர்மாகோல் பலகையே மூடியாகவும் இருக்கிறது.

படுகையின் மேல் வளைகம்பி வைத்துப் பாலித்தீன் தாளைப் போர்த்தினால், உள்ளே இருக்கும் காற்று ஈரம் நிறைந்து ஆவியாதலை மட்டுப்படுத்தும். நடுப்பகலில் திறந்துவிடுங்கள், இல்லையென்றால் இலைகளில் பூஞ்சணம் பிடிக்கும். ஏர் பம்பையும் இந்தக் கூடாரத்துக்குள் வைத்தால் நல்லது. நிமிடத்துக்கு 60 லிட்டர் வெளிக்காற்றைத் தள்ளும் பம்ப், அந்தக் குளிர்காற்றைச் சூடாக்கியும் ஈரமாக்கியும் அனுப்புவதில் தண்ணீரிலிருந்து 40 வாட் அளவுக்குப் பிடுங்கிக்கொள்ளும். தண்ணீருக்குள் மூழ்கி ஓடும் பம்ப் இதற்கு நேர்மாறு. அது எடுக்கும் 50 வாட்டும் ஏறக்குறைய முழுதாகத் தண்ணீருக்குச் சூடாகத் திரும்பி வருகிறது. நாளெல்லாம் ஓடினால் 1,000 லிட்டருக்கு ஒரு டிகிரி.

இனி ஹீட்டருக்கு வரலாம். கம்பிச்சுருள் உள்ள எந்த மின்ஹீட்டரும், விலை எதுவானாலும், ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஒரு யூனிட் வெப்பம்தான் தரும். "குறைந்த மின்சாரத்தில் அதிகச் சூடு" என்று அட்டையில் போட்டு விற்றால் நம்பாதீர்கள். ஒன்றுக்கு மூன்று, நான்கு என்று தரக்கூடியது ஹீட் பம்ப் மட்டுமே; அது வெப்பத்தை உண்டாக்குவதில்லை, வெளிக்காற்றில் இருப்பதை இழுத்துத் தண்ணீருக்குள் விடுகிறது. முதல் செலவு அதிகம் என்பதால் பெரிய பண்ணைக்கே கட்டுப்படியாகும்.

சிறிய அமைப்புக்கு வெயில் கைகொடுக்கும். கறுப்புப் பாலித்தீன் குழாயைச் சுருளாகச் சுற்றி, தெர்மாகோல் அடியிட்ட பெட்டியில் வைத்துக் கண்ணாடியால் மூடுங்கள். நல்ல வெயில் நாளில் ஒரு சதுர மீட்டருக்கு 2 யூனிட் கிடைத்தால் 1,000 லிட்டர் தொட்டி 1.7 டிகிரி ஏறும். பலர் செய்யும் தவறு, குழாயிலிருந்து கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் வர வேண்டும் என்று ஓட்டத்தைக் குறைப்பது. நமக்குத் தேவை 25 டிகிரித் தண்ணீர்தான். ஓட்டம் வேகமாக இருந்தால் சுருள் குளிர்ச்சியாக இருக்கும். சுருள் குளிர்ச்சியாக இருந்தால் அது வெளிக்காற்றுக்கு இழப்பதும் குறையும். வெளிவரும் தண்ணீர் கையில் வெதுவெதுப்பாகக்கூடத் தெரியாது, ஆனால் தொட்டிக்குச் சேரும் மொத்த வெப்பம் அப்போதுதான் அதிகம். வெயில் இறங்கியதும் சுருளுக்குத் தண்ணீர் தள்ளும் பம்ப் நின்றுவிட வேண்டும். இரவிலும் ஓடினால் பகலில் சேர்த்ததெல்லாம் அதே சுருள் வழியாக வானத்துக்குப் போய்விடும்.

மட்கும் குப்பைக் குவியலும் ஒரு வழி. ஃபிரான்சைச் சேர்ந்த ஜான் பெயின், மரச்சிராய்க் குவியலுக்குள் குழாய் சுற்றி 60 டிகிரி வரை வெந்நீர் எடுத்துக் காட்டினார். உழைப்பு அதிகம், குவியலும் பெரிதாக வேண்டும். தோட்டக்கழிவு ஏராளமாகக் கிடைக்கிறவர்களுக்கு மட்டும் சொல்கிறேன். எந்த வழியானாலும் மீன் தண்ணீர் செம்புக் குழாயிலோ துத்தநாகம் பூசிய குழாயிலோ ஓடக் கூடாது. இரண்டு உலோகமும் மீனுக்கு நஞ்சு.

எத்தனை டிகிரியில் நிறுத்துவது என்பதில்தான் பெரிய மிச்சம் இருக்கிறது. வெளியே 12 டிகிரி இருக்கும்போது தண்ணீரை 28 டிகிரியில் வைக்காமல் 22 டிகிரியில் வைத்தால் இழப்பு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறையும். திலேப்பியா மெல்ல வளரும், ஆனால் நலமாக இருக்கும். கீரைக்கும் லெட்யூஸுக்கும் 22 டிகிரி இன்னும் உவப்பானது. அதற்கும் வழியில்லாத அளவுக்குக் குளிர் நீளும் இடமென்றால் குளிர் தாங்கும் சாதாக் கெண்டையையோ, 10 முதல் 16 டிகிரியில் செழிக்கும் டிரவுட்டையோ வளர்ப்பதுதான் புத்திசாலித்தனம். பொருந்தாத மீனுக்காக ஆண்டுதோறும் மின்கட்டணம் கட்டுவதில் அர்த்தமில்லை.

குளிர்ந்துபோன தொட்டியை அவசரமாகச் சூடேற்றாதீர்கள். தண்ணீரில் உள்ள மொத்த அம்மோனியாவில் நச்சுத்தன்மை கூடிய வடிவத்தின் பங்கு 15 டிகிரியிலிருந்து 25 டிகிரிக்குப் போகும்போது ஏறக்குறைய இரட்டிப்பாகும். குளிரில் தேங்கியது சூட்டில் விஷமாகத் திரும்பும். முதலில் அம்மோனியாவைச் சோதித்துவிட்டு, நாளுக்கு ஒன்றிரண்டு டிகிரி என்று ஏற்றுங்கள். 300 வாட் ஹீட்டர் தேவைப்பட்டால் 150 வாட் ஹீட்டர் இரண்டாக வாங்கிப் போடுங்கள். ஒன்று செத்துப்போனால் மற்றது இரவைத் தாக்குப்பிடிக்க உதவும்; ஒன்றின் தெர்மோஸ்டாட் (குறித்த சூட்டில் ஹீட்டரை அணைக்கும் விசை) ஒட்டிக்கொண்டு அணையாமல் எரிந்தாலும், 150 வாட்டால் தண்ணீர் மீனைக் கொல்லும் அளவுக்குச் சூடாக நேரம் பிடிக்கும், அதற்குள் நீங்கள் பார்த்துவிடலாம். மின்கசிவு ஏற்பட்டால் தானே துண்டித்துக்கொள்ளும் பிரேக்கர் இல்லாத இணைப்பில் எந்த ஹீட்டரையும் தண்ணீரில் இறக்காதீர்கள். தொட்டிக்குள் கையை விடும்போது ஹீட்டரை அணைத்துவிடுங்கள்.