இறைச்சி மட்டும் உண்டால், ஒத்துக்கொள்ளாத உணவு எது என்று தெரிந்துவிடுமா?

பினாங்கு நாசி கண்டார் கடையில் ‘பஞ்சிர்’ என்று கேட்பவரின் தட்டில் கோழிக் கறி, மீன் கறி, பருப்பு என நாலைந்து குழம்புகள் ஒன்றாகச் சோற்றின் மேல் ஊற்றப்படுகின்றன. அந்தத் தட்டைக் காலி செய்து, ஒரு தே தாரிக்கும் குடித்தவருக்கு மாலையில் வயிறு உப்பி, இரைந்து, பேதியாகப் போனால், எதைக் காரணம் சொல்வது? வெங்காயமா, பூண்டா, பருப்பா, மிளகாயா, தேநீரில் ஊற்றிய டின் பாலா? இந்தக் குழப்பத்துக்கு முடிவு கட்டும் வழியாகத்தான், சில வாரங்களுக்கு இறைச்சி, உப்பு, தண்ணீர் தவிர வேறெதையும் தொடாமல் இருக்கும் உணவுமுறை இப்போது பலரால் பரிந்துரைக்கப்படுகிறது. எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்த்தால் உண்மை வெளிப்பட்டுவிடும் என்பது அதன் தர்க்கம்.

தர்க்கம் பழையது, மதிக்கத்தக்கதும்கூட. அமெரிக்காவின் ஓக்லந்து நகரில் மருத்துவராக இருந்த ஆல்பர்ட் ரோவ், 1920களிலேயே இத்தகைய நீக்க உணவுமுறைகளை வகுத்து நோயாளிகளுக்குக் கொடுத்தார். நீக்குவது, அறிகுறி தணிகிறதா என்று பார்ப்பது, ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்ப்பது என்ற அந்த வரிசை இன்றும் மாறவில்லை. இறைச்சி மட்டும் உண்போரில் பெரும்பாலோர் முதல் கட்டத்தோடு நின்றுவிடுகிறார்கள் என்பதே என் கவலை; ஏனெனில் விடை இருப்பது மூன்றாவது கட்டத்தில்.

உணவு ஒவ்வாமை என்பது நோய் எதிர்ப்பு மண்டலம் ஒரு புரதத்தைப் பகையாக எண்ணித் தாக்குவது. இறால் ஒரு துண்டு போதும், உதடு வீங்கும், மூச்சு திணறும். அது வீட்டில் சோதித்துப் பார்க்கும் விஷயமே அல்ல. நாம் இங்கே பேசும் ஏற்காமை பெரும்பாலும் செரிமானம் சார்ந்தது, அளவைப் பொறுத்தது. பாலிலுள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரையைப் பிளக்கும் லாக்டேஸ் நொதி, உலகின் பெரும்பான்மை மக்களுக்குக் குழந்தைப் பருவத்துக்குப் பின் குறைந்துவிடுகிறது; 2006இல் வெளியான ஒரு மலேசிய ஆய்வில் மலாய், சீன, இந்திய இனத்தவர் மூவரிலும் 80 விழுக்காட்டுக்கு மேற்பட்டோருக்கு இக்குறைவு காணப்பட்டது. பிளவுபடாத லாக்டோஸ் குடலுக்குள் நீரை இழுத்துக்கொள்கிறது. பெருங்குடலை அடைந்ததும் அங்குள்ள பாக்டீரியாக்கள் அதை நொதிக்கச் செய்து ஹைட்ரஜன், கரியமில வாயு போன்றவற்றை வெளியிடுகின்றன. மருத்துவமனையில் செய்யும் மூச்சுச் சோதனை அளப்பது இந்த ஹைட்ரஜனைத்தான்.

வெங்காயம், பூண்டு, கோதுமை ஆகியவற்றிலுள்ள ஃபிரக்டானும், பருப்பிலும் கொண்டைக்கடலையிலும் உள்ள காலக்டோ ஒலிகோசாக்கரைடுகளும் இன்னொரு வகைச் சர்க்கரைகள். இவற்றைப் பிளக்கும் நொதி மனிதர் எவருக்குமே கிடையாது; ஆகவே எல்லோர் குடலிலும் வாயு உண்டாகிறது, ஆனால் குடல் நரம்புகள் கூருணர்வு கொண்டவர்களுக்கு மட்டுமே அது வலியாகவும் உப்புசமாகவும் மாறுகிறது. தைப்பூசத்துக்காக மாதக்கணக்கில் சைவம் இருப்பவர்களில் சிலர், இறைச்சிக்குப் பதிலாகப் பருப்பும் கடலையும் பாலும் கூடும்போது வயிறு கனப்பதாகச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். ஃபிரக்டான் நீரில் கரையும், எண்ணெயில் கரையாது. எனவே சாம்பாரில் கிடக்கும் வெங்காயத்தைக் கரண்டியால் ஒதுக்கிவிட்டு உண்பவர், அதன் சாறில் கரைந்துவிட்ட ஃபிரக்டானை உண்டுகொண்டுதான் இருக்கிறார். எண்ணெயில் பூண்டைத் தாளித்துப் பல்லை எடுத்து எறிந்துவிட்டால், நீர் சேராத அந்த எண்ணெயில் மணம் மட்டுமே தங்கும்.

இந்த வேதியியலை மனத்தில் வைத்துப் பார்த்தால், இறைச்சி மட்டும் உண்பவருக்கு ஏன் சில நாட்களிலேயே வயிறு இலேசாகிறது என்பது விளங்கும். புரதமும் கொழுப்பும் பெரும்பாலும் சிறுகுடலிலேயே உறிஞ்சப்பட்டுவிடுவதால், பெருங்குடல் பாக்டீரியாக்களுக்கு நொதிக்கப் பொருள் கிட்டத்தட்ட இல்லாமல் போகிறது. ஆனால் அதே நாளில் பால், கோதுமை, பருப்பு, வெங்காயம், மிளகாய், இனிப்புப் பானம், மது, காப்பி, இரவு நேர ரொட்டி சனாய் அத்தனையும் நின்றுவிட்டன. பத்து சந்தேக நபர்களை ஒரே இரவில் ஊரைவிட்டு அனுப்பிவிட்டுத் திருட்டு நின்றுவிட்டது என்று சொன்னால், திருடன் யார் என்பது தெரிந்ததாக ஆகாது. வயிறு மிக மோசமாக இருக்கும் வாரத்தில்தான் மனிதர் இத்தகைய முயற்சியில் இறங்குகிறார்; ஏறி இறங்கும் நோய் அந்த உச்சத்திலிருந்து தானாகவே சற்றுத் தணிவதும் இயல்பு.

தவறான பெயரைச் சூட்டுவது எவ்வளவு எளிது என்பதை நார்வேயில் 2018இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. கோதுமைப் புரதமான குளூட்டன் தங்களுக்கு ஆகாது என்று நம்பி அதைத் தவிர்த்துவந்த 59 பேருக்கு, ஒரு வாரம் குளூட்டன், ஒரு வாரம் ஃபிரக்டான், ஒரு வாரம் இரண்டுமற்றது என மூன்று வகைத் தின்பண்டங்கள், எது எதுவென்று சொல்லாமல் கொடுக்கப்பட்டன. அறிகுறிகள் அதிகம் பதிவானது ஃபிரக்டான் வாரத்தில். குளூட்டன் வாரம், இரண்டுமற்ற வாரத்திலிருந்து வேறுபடவில்லை. கோதுமையில் இரண்டும் சேர்ந்தே இருப்பதால், வீட்டுச் சோதனையில் அவர்கள் இதை அறிந்திருக்கவே முடியாது.

இறைச்சியும் வெற்றுப் பலகை அல்ல. 1928இல் நியூயார்க் பெல்வியூ மருத்துவமனையில், ஆர்க்டிக் பயணியான வில்ஹியால்மர் ஸ்டெஃபான்சன், தம் தோழர் கார்ஸ்டன் ஆண்டர்சனுடன் சேர்ந்து ஓராண்டு இறைச்சி மட்டும் உண்ணும் சோதனைக்கு உடன்பட்டார். மருத்துவர்கள் கேட்டுக்கொண்டபடி கொழுப்பில்லாத இறைச்சியை மட்டும் உண்ணத் தொடங்கிய ஸ்டெஃபான்சன் சில நாட்களிலேயே குமட்டலும் பேதியும் கண்டு, கொழுப்பு சேர்த்த பின்னரே தேறினார். மாட்டிறைச்சி உண்ணாத நம் குடும்பங்களில் இம்முறை பெரும்பாலும் கோழி நெஞ்சுக் கறியிலேயே போய் முடியும் என்பதால், இந்தச் செய்தி நமக்கு முக்கியம். வெட்டி நெடுநேரம் வெளியில் கிடந்த இறைச்சியிலும் கருவாட்டிலும் ஹிஸ்டமின் சேர்கிறது. அதைச் சிதைக்கும் நொதி குறைந்தவருக்குத் தலைவலியும் முகச் சிவப்பும் வரக்கூடும். சிலவகை உண்ணி கடித்தவர்களுக்கு, ஆடு மாட்டு இறைச்சி உண்டு பல மணி நேரம் கழித்துத் தடிப்பு எழும் ஒவ்வாமையும் உண்டு. மேலும், நம் வீட்டு ஆட்டுக்கறிப் பிரட்டலில் வெங்காயமும் பூண்டும் கோப்பைக் கணக்கில் இருக்கின்றன. கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவும், கிச்சாப் என்னும் சோயா சாஸில் கோதுமையும் கலந்திருக்கும். உப்புப் போட்டு வேகவைத்த கறியை மட்டும் வாரக்கணக்கில் உண்ணும் மன உறுதி இல்லாதவர் செய்வது வேறு ஏதோ ஒரு சோதனை.

நெடுநாள் நீடித்தால் இன்னொரு சிக்கல் எழுகிறது. 2014இல் வெளியான ஓர் ஆய்வு, விலங்குணவுக்கு மாறிய சில நாட்களிலேயே குடல் பாக்டீரியாக்களின் சேர்க்கை மாறுவதைக் காட்டியது. நார்ச்சத்தை உண்டு வாழ்பவை மெலிந்துபோன குடலில், மாதங்கள் கழித்துத் திடீரென ஒரு கிண்ணம் பருப்பு இறங்கினால் வாயு பெருகுவதில் வியப்பில்லை. ‘பருப்பு எனக்கு ஆகாது’ என்ற முடிவு அங்கேயே எழுதப்பட்டுவிடும். முதல் வாரத்துத் தலைவலியையும் சோர்வையும் நச்சு வெளியேறுவதாகச் சிலர் விளக்குகிறார்கள். மாவுச்சத்து குறையும்போது உடல் நீரையும் உப்பையும் இழப்பதும், காப்பி தேநீரைத் திடீரென நிறுத்தியதும் அதற்குப் போதுமான காரணங்கள்.

மலேசிய இந்தியரிடையே நீரிழிவு மிகுதி என்பதால் இதை அழுத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது: இன்சுலினோ கிளிக்லசைடோ எடுப்பவர் மாவுச்சத்தைத் திடீரென நிறுத்தினால் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழலாம், டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் ஆகிய நீரிழிவு மாத்திரைகளை எடுப்பவருக்குச் சர்க்கரை அளவு ஏறாமலேயே இரத்தம் அமிலமாகும் நிலை வரலாம். சிறுநீரக நோய், கௌட் வாதம் உள்ளவர்களும், கர்ப்பிணிகளும் இப்பக்கம் போகவே கூடாது. மலத்தில் இரத்தம், காரணமற்ற எடை இழப்பு, இரத்தசோகை இருந்தால் முதலில் செல்ல வேண்டிய இடம் மருத்துவமனை. குளூட்டனால் குடல் சேதமாகும் சீலியாக் நோய்க்கான இரத்தப் பரிசோதனையைக் கோதுமை உண்டுகொண்டிருக்கும்போதே செய்துகொள்ள வேண்டும். நிறுத்திய பிறகு செய்தால் நோய் இருந்தும் இல்லை என்று காட்டிவிடக்கூடும்.

குறைவாக நீக்கி நிறைய அறிவதே என் பரிந்துரை. மெல்போர்ன் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் உருவான ஃபோட்மேப் முறையில், நொதிக்கும் சர்க்கரைகளை மட்டும் 2 முதல் 6 வாரம் வரை குறைத்து, பிறகு ஒவ்வொரு வகையையும் மூன்று நாட்களில் சிறிது சிறிதாக அளவு கூட்டிச் சோதித்து, இடையில் வயிறு அடங்க விடுகிறார்கள். சோறு, முட்டை, மீன், இறைச்சி, கேரட், தக்காளி எல்லாம் தட்டிலேயே இருக்கும். உணவு பெருங்குடலைச் சென்றடையச் சில மணி நேரம் ஆவதால், மாலை வலிக்கு மாலைப் பலகாரத்தைக் குறை சொல்லாமல், நேரத்தோடு குறிப்பெழுதுவது அவசியம். இதை ஓர் உணவியல் நிபுணரின் துணையோடு செய்வது நல்லது.

பாலிலிருந்து தொடங்குவது எளிது. இரண்டு வாரம் பாலை நிறுத்திவிட்டு, வீட்டில் ஒருவரிடம் சொல்லி, கால் லிட்டர் பாலில் சர்க்கரை தூக்கலாகத் தேநீர் போடச் சொல்லுங்கள்; அவர் சில நாள் சாதாரணப் பாலும், சில நாள் கோலாலம்பூர்ப் பேரங்காடிகளில் கிடைக்கும் லாக்டோஸ் நீக்கிய பாலும் ஊற்றி, எது என்று உங்களுக்குச் சொல்லாமல் தாளில் குறித்துக்கொள்ளட்டும். லாக்டோஸ் நீக்கிய பால் இயல்பிலேயே சற்று இனிக்கும். சர்க்கரை அந்த வேறுபாட்டை மறைத்துவிடும். கால் லிட்டரில் ஏறத்தாழ 12 கிராம் லாக்டோஸ் இருக்கிறது. நொதி குறைந்தவர்களிலும் பலர் அந்த அளவைத் தாங்கிக்கொள்கிறார்கள். அவருடைய தாளையும் உங்கள் வயிற்றுக் குறிப்பையும் அருகருகே வைத்துப் பார்த்த பிறகு, வெங்காயத்துக்கும் பூண்டுக்கும் போகலாம்.