ஒரே அளவு முதலோடு தொடங்கிய இருவரில் ஒருவர் மட்டும் சம்மாட்டி (படகு முதலாளி) ஆவது எப்படி?

“ஒரே வருசத்தில் ஆளுக்கொரு படகு வாங்கினவை. இப்ப ஒராளுக்கு நாலு படகு. மற்றவர் அவரிட்டயே பங்குக்குப் போறார். ஏன்?” என்று நிலாவெளி வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

படகும் வலையும் யார் கையில் என்று பார் என்பார் மார்க்ஸ். நாடு வளர வளர ஏற்றத்தாழ்வு முதலில் கூடிப் பிறகு குறையும் என்றார் பொருளியலாளர் சைமன் குஸ்னெட்ஸ் (1955). ஒவ்வொரு கைமாற்றும் நியாயமாக நடந்தால் கிடைக்கும் முடிவும் நியாயமே என்று வாதிட்டார் மெய்யியலாளர் ராபர்ட் நோசிக் (1974). இந்த வாதத்தை உரசிப் பார்க்க, பௌதிகவியலாளர் அனிர்பன் சக்ரவர்த்தி 2002இல் வெளியிட்ட கணித மாதிரி ஒன்று உதவும்.

இருவரிடமும் தலா 1,00,000 ரூபாய். நாணயம் சுண்டுகிறார்கள், கள்ளம் இல்லை. பணம் குறைந்தவரிடம் இருப்பதில் 20 சதவீதம்தான் பந்தயம், ஏனென்றால் இருப்பதற்கு மேல் யாராலும் வைக்க முடியாது. முதல் சுற்றில் இரண்டாமவர் தோற்கிறார்: 80,000. அடுத்ததில் வெல்கிறார். ஆனால் இப்போது பந்தயம் 80,000இன் 20 சதவீதம், அதாவது 16,000 மட்டுமே. கையில் 96,000. ஆளுக்கொரு வெற்றி, ஆனாலும் 8,000 ரூபாய் இடைவெளி!

தோல்வி பெரிய தொகையிலிருந்து வெட்டுகிறது. வெற்றி, வெட்டுண்ட தொகைக்கு மேல்தான் சேர்க்கிறது. 0.8 × 1.2 = 0.96. எத்தனை எளிய பெருக்கல்! இதே வரிசையில் 20 சுற்று போனால், இருவரும் பத்துப் பத்து முறை வென்றிருந்தும், இரண்டாமவரிடம் 66,483, முதலாமவரிடம் 1,33,517. இரட்டிப்பு. ஆட்டம் நீண்டால் ஏறக்குறைய எல்லாம் ஒருவரிடமே சேரும். யார் அவர் என்பதைப் பெரும்பாலும் ஆரம்பச் சுண்டல்கள் சில தீர்மானித்துவிடும். நாவூறு, செய்வினை என்று நூல் கட்டக் காசு கொடுப்பவர்களுக்கு இந்தப் பெருக்கலைத்தான் பள்ளியிலேயே காட்ட வேண்டும். வாடைக்காற்றில் முதல் வருசமே வலையை இழந்தவர் மீது சாபம் எதுவும் இல்லை.

மாதிரிக்குக் குறையும் உண்டு. இதில் பணம் கைமாறுமே தவிரப் புதிதாக ஒரு மீனும் பிடிபடாது. உழைப்பும் உற்பத்தியும் கணக்கில் இல்லை. ஆகவே மார்க்ஸின் கேள்வி அப்படியே நிற்கிறது.

கணிதவியலாளர் ப்ரூஸ் போகோசியன் குழுவினர் இதில் செல்வ வரியைச் சேர்த்தார்கள், குவிதல் நின்றது. நம் கணக்கிலேயே பார்க்கலாம். அந்த 20 சுற்றுக்குப் பிறகு இருவரிடமும் 5 சதவீதம் எடுத்தால் 10,000 சேரும். சரிபாதியாகத் திருப்பிக் கொடுத்தால் இரண்டாமவர் 3,324 கட்டி 5,000 பெறுகிறார். அடுத்த சுண்டலுக்கு அவர் 68,159 ரூபாயோடு வருவார்.